மாவு மேசையும் ஒரு படிப்புதான்



தேர்வு முடிவுகள் வந்துவிட்டால் நம் நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலத்தில் பெற்றோர் நர்சிங், இன்ஜினீயரிங், போலீஸ் வேலை என்று வரிசையாக விசாரிப்பார்கள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "பிள்ளைக்கு கேக் செய்வதில்தான் ஆசை" என்பார்கள். ஏன் தாழ்த்த வேண்டும்?

பேக்கரி முட்டை பப்ஸையே பாருங்கள். பிசைந்த மைதாவுக்குள் மார்ஜரினை வைத்து மடித்துத் தேய்க்க வேண்டும். திரும்பவும் மடித்துத் தேய்க்க வேண்டும். மூன்று மூன்றாக ஆறு முறை மடித்தால் 729 அடுக்கு. ஓவன் சூட்டில் மாவின் ஈரம் ஆவியாகி அடுக்குகளைத் தூக்கும். நடுவிலுள்ள கொழுப்பு அவற்றை ஒட்டவிடாது. கொழுப்பு உருகி மாவில் கலந்துவிட்டால் அத்தனை உழைப்பும் போச்சு. சித்திரை வெயிலில் அதை உருகவிடாமல் தேய்க்கிற மாஸ்டரின் கையை நான் வணங்குகிறேன். பிரான்ஸ் நாட்டு பேஸ்ட்ரி செஃப் குளிரூட்டிய அறையில் வெண்ணெய் வைத்துச் செய்வதும் இதே வேலைதான்.

பொருளுக்கும் இங்கே பஞ்சமில்லை. முட்டைக்கு நாமக்கல்லை மிஞ்ச ஊர் ஏது? தலைக்கு மேலே கொல்லிமலையில் அன்னாசி, பலா, தேன், மிளகு, காபி எல்லாம் விளைகின்றன. மலையின் சாமையையும் தினையையும் மாவும் ரவையுமாக்கி விற்கும் வழியை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்குள்ள பெண்களோடு சேர்ந்து உருவாக்கியது. முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, இந்த மூன்றை வைத்தே தூத்துக்குடி மக்ரூனில் பேர் வாங்கிவிட்டது. இங்கே இத்தனை இருந்தும் நம் பக்கத்துக்கென்று ஒரு பலகாரம் பேக்கரியிலிருந்து இன்னும் வரவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

படிக்க வழி இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் பேக்கர் அண்ட் கன்ஃபெக்ஷனர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. பத்தாம் வகுப்பு தேறினால் போதும். எல்லா ஐ.டி.ஐ.யிலும் கிடையாது, விசாரித்துச் சேருங்கள். சென்னை தரமணியிலும் திருச்சி துவாக்குடியிலும் அரசு ஹோட்டல் மேலாண்மைக் கல்வி நிறுவனங்கள் உள்ளன. ஆதிதிராவிடர், பழங்குடிப் பிள்ளைகள் தரமணியில் படிக்க அரசு நிறுவனமான தாட்கோ உதவியிருக்கிறது. மலைமேல் இருக்கும் பெற்றோர் தாட்கோ மாவட்ட அலுவலகத்தில் இந்த ஆண்டுக்கான விவரத்தை அவசியம் கேளுங்கள்.

வேலை லேசானதல்ல. விடியுமுன் எழ வேண்டும், நாளெல்லாம் நிற்க வேண்டும். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஊரே விடுமுறையில் இருக்கும்போதுதான் இவர்களுக்கு வேலை குவியும். ஆரம்பத்தில் டிரே கழுவச் சொல்வார்கள், முட்டை உடைக்கச் சொல்வார்கள், மாவை எடை போடச் சொல்வார்கள். அந்த எடை போடுதலை அலட்சியம் செய்யாதீர்கள். குழம்பில் உப்பு குறைந்தால் பிறகு சேர்க்கலாம். ஓவனுக்குள் போன கேக்கில் எதையும் சேர்க்க முடியாது.

பேக்கரி மாஸ்டர்களே, நீங்கள் தொழில் கற்ற கதையை எங்களுக்கு எழுதுங்கள். எழுத நேரமில்லாவிட்டால் ஓர் அஞ்சலட்டையில் கடையின் பெயரைப் போட்டு அனுப்புங்கள், நாங்களே வந்து கேட்டுக்கொள்கிறோம். பிள்ளைகள் படிக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்