கண்ணாடிக்குள் ஒரு கடல்

கண்டியில் வாழ்வோர் கடலைக் காண விரும்பினால், கொழும்புக்கு ஏறக்குறைய 115 கிலோமீற்றர் வழி செல்ல வேண்டும். கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலே, மலைகளுக்கு நடுவே அமைந்த நகரம் இது. இத்தகைய நகரிலே, பேராதனை வீதிக்கு மேலே உள்ள ஒரு வீட்டின் கூடத்தில், நம்முடைய பழைய மாணவர் ஒருவர் சிறு கடலொன்றை அமைத்திருந்தார். 200 லீற்றர் நீர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி. அதனுள்ளே கடற்பாறைத் துண்டுகள். அவற்றின்மீது காளான் போலவும், கைவிரல் போலவும், மரக்கிளை போலவும் உயிருள்ள முருகைகள்.

சென்ற மாதம் ஒரு காலை அவர் தொலைபேசியில் அழைத்தார். “சேர், முருகைகள் எல்லாம் சாகின்றன. ஒருமுறை வந்து பார்க்க மாட்டீர்களா? தம்பி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடுகிறானில்லை” என்றார். தம்பி என்றது அவருடைய ஒன்பது வயது மகனை. நாம் பாடசாலையில் உயிரியல் கற்பிப்பவரேயன்றித் தொட்டி வளர்ப்பில் விற்பன்னர் அல்லேம். ஆயினும் பிள்ளை உண்ணாதிருக்கிறான் என்று கேட்டபின் போகாதிருக்க முடியுமா?

சென்று பார்த்தபோது காட்சி வருந்தத்தக்கதாகவே இருந்தது. விரிந்து அசைய வேண்டிய மென்முருகைகள் சுருங்கிக் கிடந்தன. கிளை முருகை ஒன்றின் நுனிகள் வெண்மையாகியிருந்தன. தொட்டிக்குப் பக்கத்து மேசையிலோ ஏழு போத்தல்கள். ஒன்று கல்சியம், ஒன்று அயடீன், ஒன்று அமினோ அமிலம், மற்றவை இன்னவென்று அவருக்கே தெளிவில்லை. ஒவ்வொரு நோய்க்குறிக்கும் ஒவ்வொரு போத்தலாக வாங்கி ஊற்றியிருக்கிறார். மருந்து கூடக் கூட நோயும் கூடியது.

முருகை என்பது யாது என்பதை இங்கே சற்று விளங்கிக்கொள்ளுதல் நன்று. நம்மவர் அதைக் கல்லாகவே அறிவர். யாழ்ப்பாணக் கோட்டையின் மதில்களில் இருப்பது முருகைக்கல். பழைய வீடுகளுக்குப் பூசிய சுண்ணாம்பும் பலவிடத்து அதுவே. ஐரோப்பியரும் அதை நெடுங்காலம் செடி என்றே எண்ணினர். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மார்சேய் நகரத்தைச் சேர்ந்த பெய்சொனல் என்ற வைத்தியர், அது செடியன்று, விலங்கே என்று எடுத்துரைத்தபோது அறிஞர்கள் நகைத்தார்களாம். அவர் சொன்னதே உண்மை. சொறிமீனுக்கும் கடற்சாமந்திக்கும் உறவான மிகச் சிறிய உயிர்கள் கூட்டமாக வாழ்ந்து, கடல்நீரிலுள்ள கல்சியத்தை எடுத்துத் தமக்கு வீடு கட்டுகின்றன. அவ்வீடே நாம் காணும் கல்.

இவ்வுயிர்களுக்கு ஒரு குடித்தனக்காரரும் உண்டு. அவற்றின் உடலுக்குள்ளேயே நுண்ணிய அல்காக்கள் வாழ்கின்றன. அவை வெயிலைக் கொண்டு உணவு சமைத்து, வீட்டுக்காரருக்கும் பெரும்பங்கு கொடுக்கின்றன. முருகையின் நிறத்திற் பெரும்பகுதி இவற்றாலேயே வருவது. வெப்பமோ ஒளியோ உப்போ அளவு கடந்தால் இந்த உறவு முறிந்து, அல்காக்கள் வெளியேறிவிடும். அப்போது முருகை வெளிறுகிறது. வெளிறிய முருகை இறந்துவிடவில்லை, பட்டினி கிடக்கிறது. உற்றுப் பார்த்தால் வெள்ளைக் கல்லின்மீது கண்ணாடி போன்ற மெல்லிய தசை தெரியும். அத்தசை இருக்கும்வரை நம்பிக்கை உண்டு. தசை உரிந்து வெறுங்கல் தோன்றிய இடத்திலேதான் உயிர் போயிற்று என்று கொள்ள வேண்டும்.

நோய்க்கு மருந்து கொடுக்குமுன் அதன் காரணத்தைத் தேடவேண்டுமென்று வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே அறிவுறுத்தினார். ஆதலின் நாமும் போத்தல்களை அப்புறப்படுத்திவிட்டு விசாரணையைத் தொடங்கினோம். வெப்பம் 25 பாகை, குறையில்லை. கண்டியின் குளிர்மை இவ்வகையில் ஒரு கொடை. கொழும்பிலே இதே தொட்டிக்குக் குளிரூட்டும் பொறி வேண்டியிருக்கும். அமோனியா இல்லை. விளக்கு பழையது. மீனுக்குச் செப்பு கலந்த மருந்து எதுவும் இட்டீர்களா என்று கேட்டோம், இல்லை என்றார். மீனைக் காக்கும் செப்பு முருகையைக் கொல்லும் என்பது இத்துறையில் இறங்குவோர் முதலில் அறியவேண்டிய செய்தி.

“நீர் ஆவியாகிக் குறையும்போது என்ன ஊற்றுகிறீர்கள்?” என்று அடுத்துக் கேட்டோம்.

“உப்பு நீர்தான், சேர். கடல்தானே!” என்றார்.

அப்போது, அதுவரை தூணோடு சாய்ந்து நின்ற சிறுவன் ஓடிப்போய்த் தன் அப்பியாசக் கொப்பியைக் கொண்டுவந்தான். “மாமா, அப்பா தண்ணி விடுற நாளெல்லாம் நான் எழுதி வச்சிருக்கிறன்” என்றான். தொட்டியின் கண்ணாடியில் பென்சிலால் நீர்மட்டத்துக்குக் கோடு கிழித்து, ஒவ்வொரு நாளும் எத்தனை லீற்றர் ஊற்றப்பட்டது என்பதை அவன் திகதியிட்டுக் குறித்திருந்தான். மழையில்லாத, காற்று வீசும் நாட்கள் அவை. நாளுக்கு 2 லீற்றர் வீதம் 20 நாட்களுக்குக் குறிப்பு இருந்தது.

மாணவர்கள் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அவ்விடத்தில் 2 லீற்றர் உப்பு நீரை ஊற்றினால் நாளுக்கு 70 கிராம் உப்புக் கூடுகிறது. 20 நாட்களில் 1400 கிராம். 200 லீற்றருக்கு இதைப் பங்கிட்டால் லீற்றருக்கு 7 கிராம். அஃதாவது 35 இருந்த இடத்தில் 42. நாம் கொண்டுசென்ற உப்பளவுக் கருவியும் அதற்கு மிக அண்மித்த எண்ணையே காட்டியது. செங்கடலில் ஏறத்தாழ 40 கிராம் உப்பிலும் முருகைகள் செழிக்கின்றன என்பது மெய். அவை தலைமுறை தலைமுறையாக அதற்குப் பழகியவை. மூன்று வாரத்தில் பழகச் சொன்னால் எவ்வுயிர்தான் பழகும்?

தந்தையார் முகம் வாடிற்று. உடனே ஒரு வாளி நல்ல நீர் கொண்டுவந்து ஊற்ற எழுந்தார். நாம் தடுத்தோம். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். மெல்ல மெல்ல ஏறிய உப்பை ஒரே நாளில் இறக்கினால், ஏறியபோது பிழைத்தவையும் இறக்கத்தில் மடியும். நாளொன்றுக்கு ஒரு கிராமுக்கு மேல் இறங்கலாகாது. இத்தொட்டியில் ஐந்து லீற்றருக்குச் சற்றுக் குறைவான நீரை எடுத்துவிட்டு, அதே அளவு சுத்திகரித்த உப்பில்லா நீரை மெதுவாகச் சேர்த்தால் அவ்வளவு இறங்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் இரண்டு கிழமைகளில் பழைய நிலை வரும். அந்தப் பொறுப்பைச் சிறுவனிடமே ஒப்படைத்தோம்.

குழாய் நீரை அப்படியே ஊற்றலாமா என்று அவனுடைய தாயார் கேட்டார். ஆகாது. நாம் குடிக்கும் பொருட்டு அந்நீரில் குளோரீன் சேர்க்கப்படுகிறது. அதனோடு நமக்குத் தீங்கு செய்யாத நைத்திரேற்று, பொசுபேற்று முதலியனவும் சிறிதளவு இருத்தல் கூடும். கண்டி வாவி சில காலங்களில் பச்சை படர்ந்து நிற்பதைக் கண்டிருக்கிறோமல்லவா? அத்தகைய சத்துக்கள் மிகுவதன் விளைவே அது. தொட்டியிலும் அதுவே நடக்கும். ஆதலால் வடிகட்டிச் சுத்தமாக்கிய நீரே வேண்டும்.

இவ்வீட்டில் காரணம் உப்பு. வேறு வீடுகளில் வேறாக இருக்கலாம். ஆகவே வாசகருக்குப் பொதுவாகச் சில கூறுகிறோம். வெப்பம் 24 முதல் 26 பாகை வரை நிலையாக இருத்தல் நன்று. கல்முருகை வளர்ப்போர் லீற்றருக்குக் கல்சியம் 400 முதல் 450 மில்லிகிராம், மக்னீசியம் 1250 முதல் 1350 மில்லிகிராம் என்ற அளவைப் பேணுவர். நீரின் காரத்தன்மையை அடிக்கடி அளந்து பார்ப்பர். கல்முருகைகள் வீடு கட்டக் கட்ட அது குறைந்துகொண்டே வரும். நைத்திரேற்றும் பொசுபேற்றும் மிகலாகாது. முற்றிலும் இல்லாது போகவும் ஆகாது, அவையும் சிறிதளவு உணவே. புதிய பிரகாசமான விளக்கு வாங்கினால், முதல் நாளே முழு ஒளியையும் பாய்ச்சாமல், குறைந்த ஒளியில் தொடங்கிப் பல நாட்களிற் கூட்டவேண்டும். ஒரு முருகை மட்டும் வாடி மற்றவை நலமாயிருந்தால், அயலிலிருப்பதைப் பாருங்கள். முருகைகள் இரவிலே கொட்டும் இழைகளை நீட்டி அயலவரைத் தாக்கும் இயல்புடையன. வேலிச் சண்டை மனிதருக்கு மட்டும் உரியதன்று. எல்லாம் ஒருங்கே வாடினால் குற்றம் பெரும்பாலும் நீரில்தான்.

மின்சாரத்தையும் நினைவிற் கொள்க. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இந்நாட்டில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நேர்ந்ததை நாம் மறந்திலேம். நீரோட்டம் நின்றால் தொட்டியில் ஒட்சிசன் குறையும். மின்கலத்தால் இயங்கும் சிறிய காற்றுக் குழாய் ஒன்று வீட்டில் இருப்பது, ஏழு போத்தல் மருந்திலும் மேலானது. உயிருள்ள பாறைத் துண்டுகளையும் காற்றுக் குமிழ்களையும் கொண்டே தொட்டியிற் கடலுயிர்களைப் பேணும் முறையை, இந்தோனேசியாவின் லீ சின் எங் என்பவர் 1961ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிட்டார். எளிய கருவியும் கூர்ந்த கவனிப்புமே அவருடைய முதல்.

இன்னுமொன்று சொல்லாவிடில் கடமை தவறியோராவோம். முருகை வாங்குவோர் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டு வாங்குதல் வேண்டும். நமது கடலிலிருந்து கல்முருகைகளை எடுப்பதைச் சட்டம் தடுக்கிறது. சுண்ணாம்புக்காக அவற்றை அகழ்வதை 1988ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தடை செய்தது. நாடு விட்டு நாடு செல்லும் கல்முருகைக்கு உரிய அனுமதிப் பத்திரம் வேண்டும். தொட்டியிலேயே வளர்ந்து கிளை நறுக்கி நட்ட முருகைகளும் இன்று உள்ளன. அவற்றைத் தேடிக் கொள்வதே அறம்.

நாம் விடைபெறும்போது சிறுவன் வாயில்வரை வந்து, “மாமா, கடலிலையும் இப்பிடி வருத்தம் வருமா?” என்று கேட்டான்.

வரும். 1998ஆம் ஆண்டு இந்து சமுத்திரம் வெப்பமடைந்தபோது, ஹிக்கடுவையிலும் கற்பிட்டிப் பக்கத்துக் கடலிலும் முருகைகள் பெருமளவில் வெளிறி மடிந்தன. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவை அடுத்த கடல் அவ்வாண்டு பெரும்பாலும் தப்பியது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை வெப்பம் சில கிழமைகள் நீடித்தாலே போதும், வெளிறல் தொடங்கிவிடும். உலகக் கடல்கள் பலவற்றிலும் ஒரே காலத்தில் நிகழும் வெளிறலில் நான்காவது நடைபெறுகிறது என்று அமெரிக்க அறிவியலாளர் 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அறிவித்தனர். தொட்டியின் பிழையை ஒரு கொப்பி காட்டிக் கொடுத்தது; ஐந்து லீற்றர் நீர் திருத்தத் தொடங்கிற்று. கடலின் வெப்பத்தை இறக்க அத்தகைய வாளி எவரிடத்தும் இல்லை. இதைச் சிறுவனுக்கு இயன்றவரை எளிதாகச் சொன்னோம். அவன் சிறிது நேரம் பேசவில்லை.

மூன்று கிழமைக்குப் பின் மறுபடி போனோம். மென்முருகைகள் விரிந்திருந்தன. கிளை முருகையில் இரண்டு கிளைகள் வெறுங்கல்லாகிவிட்டன. அவை இனி மீளா. எஞ்சிய கிளைகளின் அடியில் தவிட்டு நிறம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. மேசையிலே போத்தல்கள் இல்லை. அவை இருந்த இடத்தில் அந்தக் கொப்பி இருந்தது. அன்றைய பக்கத்தில், “நல்ல தண்ணி 2 லீற்றர். உப்பு 35” என்று எழுதியிருந்தான். அதன் கீழே, வரும் விடுமுறைக்கு நிலாவெளி போகவேண்டுமென்றும், கடலில் இறங்கினால் முருகையை மிதிக்கக் கூடாதென்றும், தன் வீட்டாருக்கு ஒரு கட்டளையும் எழுதி வைத்திருந்தான்.

வீட்டில் தொட்டி உள்ளவர்கள் இன்று மாலையே ஒரு கொப்பி வாங்குக. எழுதும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுக்க.