மண்டபத்துச் சாவி யார் கையில்?

இருபத்துநான்கு மணிநேரத்தில் 150 மில்லிமீற்றர் மழை கொட்டினால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விடும். உடனே வெளியேறுங்கள் என்று அர்த்தம். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டத் தோட்டங்களுக்கு இது பழகிப்போன அறிவிப்பு. வெளியேறி எங்கே போவது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. மேட்டு லயத்துக்காரர் பணிய லயத்துக்கு ஓடுவார். அங்கேயும் தண்ணீர் ஏறினால் எல்லோரும் பிள்ளைகளையும் அடையாள அட்டையையும் தூக்கிக்கொண்டு பாடசாலைக்குப் போவார்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது நடந்ததும் இதுவே. மண்சரிவால் பாதை அறுந்து மின்சாரமும் நின்றுபோன அந்த நாட்களில், அரசாங்க லொறி வருமுன்னே மலையகத்தின் கோவில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் விகாரைகளும் கதவைத் திறந்தன. அதைப் பாராட்டுகிறோம். ஆனால் உலர் உணவுப் பொதியோடு பணி முடிந்துவிட்டதாக நினைக்கும் பழக்கத்தைப் பாராட்ட முடியாது. பொதி தீர ஒரு வாரம் போதும். வீடில்லாத நிலை வருடக்கணக்கில் இழுக்கும்.

எவ்வளவு இழுக்கும் என்பதற்கு மீரியபெத்த சாட்சி. கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள அந்தத் தோட்டத்தின் லயங்கள் 2014 ஒக்டோபர் 29 காலையில் மண்ணுக்குள் போயின. 2005-இலும் 2011-இலும் எச்சரிக்கை விடப்பட்டிருந்தும் மக்களுக்கு மாற்று இடம் கொடுக்கப்படவில்லை. தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளில் தங்கினார்கள். பிறகு பலர் மாக்கல்தெனிய தேயிலைத் தொழிற்சாலைக்குள் தடுப்புக் கட்டிக் குடியிருந்தார்கள். அவர்களுக்கான 75 வீடுகள் கையளிக்கப்பட்டபோது 2016 ஒக்டோபர் ஆகிவிட்டது. அந்த இரண்டு வருடங்களில் எத்தனை மத அமைப்புகள் வந்து போயிருக்கும்! ஒவ்வொன்றும் தன் பதாகையோடு வந்து, தன் பொதியைக் கொடுத்து, தன் படத்தை எடுத்துக்கொண்டு திரும்பியது. ஒரே குடும்பத்துக்கு மூன்று போர்வை கிடைக்கும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழைத் திரும்ப எடுத்துக் கொடுக்க ஆள் கிடைக்காது.

நம் நிலைப்பாட்டை நேராகவே சொல்கிறோம். தோட்டப்புறத்துச் சமயத் தலங்கள் ஒரே குழுவாக இயங்க வேண்டும். எந்த டிவிஷன் மக்கள் எந்த மண்டபத்துக்குப் போவது, சாவி யாரிடம், சமையல் யார் பொறுப்பு என்பதெல்லாம் மழைக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். மண்டபம் நிற்கும் நிலம் பாதுகாப்பானதுதானா என்பதையும் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். பாடசாலை கடைசிப் புகலிடமாக மட்டுமே இருக்கட்டும். தோட்டத்துப் பிள்ளைக்கு லயத்தை விட்டு வெளியேற இருக்கும் ஒரே வழி படிப்பு. அந்த வகுப்பறையிலேயே அடுப்பு மூட்டினால் வீடு போன கையோடு படிப்பும் போகும்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1986-இல் கரேன் ஓல்சன் என்ற பெண்மணி தொடங்கிய ஏற்பாடு இங்கே நினைவுக்கு வருகிறது. வீடிழந்த குடும்பங்களைத் தேவாலயங்களும் யூத ஆலயங்களும் முறைவைத்து ஒவ்வொரு வாரம் தங்கவைத்தன. இன்று அந்த நாட்டின் பல மாநிலங்களில் அது நடக்கிறது. அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. வாரத்துக்கொரு இடம் மாறினால் கொழுந்தெடுக்கும் பெண் எந்த மலைக்குப் பேர் கொடுப்பாள்? குடும்பம் ஒரே இடத்தில் இருக்கட்டும், சமையலும் செலவும் முறைவைத்துச் சுற்றட்டும். திங்கட்கிழமை தேவாலயத்துப் பெண்கள் சமைத்தால் செவ்வாய்க்கிழமை பள்ளிவாசல் பொறுப்பெடுக்கட்டும்.

நடக்காத காரியம் என்பவர்கள் சிவனொளிபாதமலைப் பருவத்தில் நல்லதண்ணிப் பாதைக்குப் போய்ப் பார்க்கலாம். நான்கு மதத்தவரும் தமதென்று கொண்டாடும் மலை அது. முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களுக்கு இரவு முழுக்கத் தேநீரும் சோறும் படுக்க இடமும் கிடைக்கின்றன. ஹட்டன் நகரிலோ மாணிக்கப் பிள்ளையார் கோவில், திருச்சிலுவை தேவாலயம், பள்ளிவாசல், விகாரை எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. இந்த நான்கு தலத்தாரும் ஒரு மேசையில் உட்காரப் புயல் வர வேண்டியதில்லை.

சிக்கல் இல்லாமல் இல்லை, அதைப் பூசி மெழுகவும் வேண்டாம். அரிசியோடு ஜெபக் கூட்ட அழைப்பும் வந்த அனுபவம் தோட்டங்களுக்கு உண்டு. அதனால் கோவில் கமிட்டிக்குச் சபைக்காரர் மீது சந்தேகம். கோவில்காரரிடமும் குறை உண்டு. மாதவிலக்கில் இருக்கும் பெண்ணும் பச்சை உடம்புக்காரியும் தீட்டுக்குப் பயந்து மண்டபத்தின் வெளித் திண்ணையில் ஈரத்தில் படுக்க நேரும் இடம் புகலிடம் ஆகாது. யார் எந்தக் குடிநீர்க் குடத்தைத் தொடலாம் என்ற பழைய சாதிக் கணக்கும் சில இடங்களில் தலைதூக்கும். ஆகவே நிபந்தனைகள் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும்: தங்கியிருப்போரிடம் பிரசாரம் கூடாது, படம் பிடிக்கக் கூடாது, பெண்களுக்குத் தனி மலசலகூடமும் குடும்பத்துக்கொரு மறைப்பும் வேண்டும், தீட்டுப் பேச்சு மண்டபத்துக்குள் வரக் கூடாது. இதற்கு உடன்படாத தலம் குழுவில் இருக்கத் தேவையில்லை.

இவ்வளவும் தற்காலிக வேலைதான். லயத்துக் காம்பரா இடிந்தால் அதில் இருந்தவருக்குக் காட்ட உறுதிப்பத்திரம் கிடையாது. காணி அரசுக்குச் சொந்தம், பெரும்பாலான தோட்டங்களின் நிர்வாகம் 1992 முதல் கம்பனிகளிடம். புயலில் வீடிழந்தவருக்கு ஐம்பது லட்சம் ரூபா என்று அரசாங்கம் அறிவித்தது. எட்டுத் தலைமுறையாக அடுத்தவன் சுவருக்குள் குடியிருந்தவர் அந்த வரிசையில் எதைக் காட்டி நிற்பார்? பிரதேச செயலகத்துக்கும் தோட்டத் துரையின் காரியாலயத்துக்கும் இடையே அவர் அலைய, கடிதம் மட்டும் நடக்கும். அங்கேதான் நான்கு மதத்துக் குருமார் கூடவே போய் நிற்க வேண்டும். தனியாக வரும் தொழிலாளியை நாளைக்கு வா என்று அனுப்பும் மேசை, ஐயரும் பாதிரியாரும் மௌலவியும் பிக்குவும் சேர்ந்து வந்தால் அவ்வளவு சுலபமாகச் சொல்லாது.

இதற்கு முன்னோடி உண்டு. இயேசு சபைத் துறவி போல் காஸ்பர்ஸ் 1972-இல் கண்டியில் தொடங்கிய சத்தியோதயம், இன மத பேதமின்றி ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, தோட்டத் தொழிலாளரின் உரிமையைப் பேசியது. மலையக மக்கள் இங்கே வந்த இருநூறாவது ஆண்டில், 2023 ஜூலை 28-இல் தலைமன்னாரில் புறப்பட்டு ஓகஸ்ட் 12-இல் மாத்தளையை அடைந்த நடைபயணத்தில் தேசிய கிறிஸ்தவ மன்றமும் மலையக அமைப்புகளும் கைகோர்த்தன. அந்தப் பயணத்தின் கோரிக்கைகளிலும் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் காணியுரிமை இருந்தது. நடந்த கால்கள் ஓய்ந்துவிட்டன, கோரிக்கை மேசையில் கிடக்கிறது.

காசு எங்கே என்று கேட்பார்கள். பல தோட்டங்களில் தொழிலாளியின் சம்பளச் சீட்டிலேயே கோவிலுக்கென்று பணம் கழிக்கப்படுகிறது. தேரும் வாணவேடிக்கையும் ஒரு வருடம் சுருங்கினால் அம்மன் கோபிக்க மாட்டாள். தென்மேற்குப் பருவமழை மே மாதக் கடைசியில் தொடங்கும். அதற்கு முன்பே குழுக்கள் கூடி, மண்டபங்களின் பட்டியலைப் பிரதேச செயலகங்களில் ஒப்படைக்கட்டும். கூடவே காணி கேட்டு ஒரு கூட்டு மனுவும் போகட்டும். அதில் தோட்டத்துக் கோவில் நிற்கும் நிலத்தையும் சேர்த்தே கேளுங்கள்: பல கோவில்களுக்கும் உறுதி கிடையாது, மலசலகூடம் ஒன்று கூடுதலாகக் கட்டவும் துரையின் அனுமதி வேண்டியிருக்கிறது.