நேரில் மறைந்தது, பக்கத்தில் தெரிந்தது

சித்திரம் என்றால் அதன் நேரே நின்று காண்பதே முறை என்று நாம் எண்ணுகிறோம். அவ்வாறு காண்போருக்குத் தன் உட்பொருளைக் காட்ட மறுக்கும் சித்திரம் ஒன்று லண்டன் நேஷனல் காலரியில் இருக்கிறது. ஜெர்மானிய ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் 1533-ஆம் ஆண்டில் தீட்டிய ‘தூதர்கள்’ என்பதே அது.

ஆறடிக்கு மேல் உயரமுள்ள அச்சித்திரத்தில் பிரெஞ்சுக்காரர் இருவர் நிற்கின்றனர். ஒருவர், எட்டாம் ஹென்றியின் அவைக்கு வந்த தூதர் ழான் தெ தென்த்வில். மற்றவர் அவருடைய நண்பர் ழோர்ழ் தெ செல்வ். இளமையிலேயே மேற்றிராணியாராக நியமனம் பெற்றவர். முன்னவரின் குறுவாள் உறையில் 29 என்றும், பின்னவரின் முழங்கைக்கு அடியிலுள்ள புத்தகத்தில் 25 என்றும் அவர்களுடைய வயது குறிக்கப்பட்டுள்ளது. இருவருக்கும் இடையே உள்ள மேடையில் வான உருண்டை, பூகோள உருண்டை, நிழற்கடிகாரங்கள், கணித நூல், நரம்பிசைக் கருவி ஆகியவை நிறைந்திருக்கின்றன. கல்வி, செல்வம், இளமை, அதிகாரம் ஆகிய நான்கும் ஓரிடத்தில் கூடிய காட்சி!

ஆயினும் அவர்கள் காலடியில் சாய்வாக ஏதோ ஒரு கறை நீண்டு கிடக்கிறது. நேரே நிற்பவருக்கு அது விளங்காது. வலப்புறம் ஒதுங்கி, சித்திரத்தை ஒட்டி நின்று நோக்கினால் அக்கறை ஒரு மண்டை ஓடாகத் திரள்கிறது. அப்பொழுது அவ்விரு கனவான்களும் உருக்குலைந்து போகின்றனர். வாழ்வைப் பார்க்குமிடத்தில் சாவு தெரியாது. சாவைப் பார்க்குமிடத்தில் வாழ்வின் பெருமிதம் நில்லாது. இசைக் கருவியின் நரம்பொன்று அறுந்து கிடக்கிறது. இடது மேல் மூலையில், பச்சைத் திரைக்குப் பின்னே, சிலுவையில் அறையுண்ட ஏசுநாதரின் உருவம் பாதி தெரிகிறது. சாவுக்கு அப்பாலும் நம்பிக்கை உண்டென்பதை அது உணர்த்துவதாக அறிஞர் பலர் கொள்வர்.

ஆனால், காண்பவையெல்லாம் ஓவியர் மறைத்து வைத்தவை ஆகா. சிஸ்டைன் ஆலயத்தில் மைக்கலாஞ்சலோ தீட்டிய ‘ஆதாமின் படைப்பு’ என்னும் காட்சியில், கடவுளைச் சூழ்ந்த போர்வை மனித மூளையின் வடிவே என்று 1990-இல் அமெரிக்க மருத்துவர் ஒருவர் எழுதினார். ஒற்றுமை வியப்பூட்டுவதே, ஆயினும் ஓவியரின் கருத்து அதுவே என்று காட்டத் திட்டமான சான்று இல்லை. ஹோல்பைனின் மண்டை ஓட்டிலோ அத்தகைய ஐயத்துக்கு இடமில்லை. தென்த்வில் அணிந்துள்ள தொப்பியின் பதக்கத்திலும் சிறு மண்டை ஓடொன்று வரையப்பட்டிருக்கிறது.

இச்சித்திரத்தின் அச்சுப்படி கிடைத்தால், அன்பர்கள் தம் குழந்தைகளிடம் கொடுத்து, வலது ஓரத்தில் கண்ணை வைத்துப் பார்க்கச் சொல்லலாம். பொருளை நாம் சொல்ல வேண்டுவதில்லை; அவர்களே கண்டுகொள்வர்.