கரையும் உடலும் சேரும் இடம்

காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். தறியில் மூன்று நாடா ஓடும். எதிர்ப்பக்கத்துக் கரைக்கு நெசவாளருக்குத் துணையாக இன்னொரு கை வேண்டும். பாவு தறியில் ஏறுவதற்கு முன்பே சாயம் போட்டவர், கட்டம் போட்ட தாளில் புட்டா வரைந்தவர், ஜக்கார்டு அட்டை குத்தியவர், ஜரிகையை எடைபோட்டுக் கொடுத்தவர் என்று பலருடைய வேலை முடிந்திருக்கும். இத்தனை பேரையும் ஒரு முகூர்த்தத் தேதிக்குள் கட்டி இழுப்பவரை இந்த ஊர் மாஸ்டர் வீவர் என்று அழைக்கிறது. புத்தகத்திலும் பத்திரிகையிலும் பாடநூலிலும் இதே வேலையைப் பார்ப்பவருக்குத் தமிழில் இன்னும் சரியான பெயர்கூட அமையவில்லை. ‘உதவி ஆசிரியர்’ என்று போட்டு, மெய்ப்பும் பார்க்கச் சொல்லி, ஓவியருக்குப் போன் போடவும் சொல்கிறோம். இது தனித் தொழில், தனிச் சம்பளம் கொடுக்க வேண்டிய தொழில் என்பது என் கட்சி.

ஆங்கிலத்தில் இதற்குப் பெயரும் உண்டு, சம்பளமும் உண்டு. வெளிநாட்டு அறிவியல் இதழ்களின் பிரதித் திருத்தமும் பக்க வடிவமைப்பும் பல ஆண்டுகளாகச் சென்னையிலும் புதுச்சேரியிலும் நடக்கின்றன. அங்கே ‘ப்ராஜெக்ட் மேனேஜர்’ என்ற நாற்காலி சாதாரணம். தமிழுக்கு அது தேவைப்படாதா? சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைப் பாருங்கள். 1913 ஜனவரியில் சாண்ட்லர் தலைமையில் வேலை தொடங்கியபோது போட்ட மதிப்பு 1 லட்சம் ரூபாய். முடிந்தபோது ஆனது 4 லட்சத்து 10 ஆயிரம். முதல் பகுதி 1924இல்தான் வந்தது. 1926இல் வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராகி, 1936இல் ஆறு தொகுதிகளையும், 1939இல் அனுபந்தத்தையும் முடித்தார். லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். செலவு இப்படிக் கூடியதை யாருடைய குறை என்றும் சொல்ல முடியாது. எத்தனை சொல் வரும் என்று தெரியாமல் அகராதிக்கு மதிப்புப் போடுவது கிணறு வெட்டுவதற்கு மதிப்புப் போடுவது மாதிரி. ஆனால் புலமை மட்டும் ஒரு பெருநூலைக் கரைசேர்க்காது, கணக்கும் காலமும் பார்க்க ஒரு மனம் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

“படைப்பாளியை நிர்வாகத்தில் உட்கார வைத்தால் படைப்பு செத்துவிடும்” என்பார்கள். பெரியசாமித் தூரன் கவிஞர், கீர்த்தனைகள் இயற்றியவர். தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்தவரும் அவர்தான். முதல் தொகுதி 1954, ஒன்பதாவது 1963, பத்தாவதான இணைப்புத் தொகுதி 1968. அகர வரிசையில் போகும் களஞ்சியத்தில் ஒரு சிக்கல் உண்டு. ‘க’வில் ஒரே ஒரு கட்டுரை வராவிட்டால் அந்தத் தொகுதியே அச்சுக்குப் போகாது. இயற்பியல்காரர் ஒரு கலைச்சொல்லையும் பொறியியல்காரர் அதே பொருளுக்கு வேறொன்றையும் எழுதி அனுப்பினால், வாசகருக்கு ஒரே சொல்லாகத் தெரிய வேண்டும். நூற்றுக்கணக்கான அறிஞர்களிடம் கேட்டு வாங்கி, சுருக்கி, மனம் நோகாமல் திருப்பி அனுப்பி, மறுபடி வாங்குவது குமாஸ்தா வேலை இல்லை. சொல்லின் எடை தெரிந்தவர்தான் எதை வெட்டலாம் என்று சொல்ல முடியும். புட்டா தெரியாதவர் ஜரிகைக் கணக்கு எழுதினால் என்ன ஆகும் என்று சின்ன காஞ்சிபுரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

“நம் ஊர் அண்ணா எல்லாவற்றையும் தானே செய்யவில்லையா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நெசவாளர் சமூகத்தில் பிறந்த அவர் 1942இல் காஞ்சிபுரத்திலிருந்து ‘திராவிட நாடு’ வார இதழைத் தொடங்கி, தலையங்கமும் கதையும் எழுதினார், புனைபெயர்களிலும் எழுதினார். ஆனால் ஒரு குரலுக்காக நடந்த இதழ் அது. வாசகர் தேடியதும் அந்தக் குரலைத்தான். பல கைகள் சேர்ந்து எழுதும் பாடநூலுக்கோ கலைக்களஞ்சியத்துக்கோ அந்த முறை ஒத்துவராது. மேலும், அண்ணாவை அளவுகோலாக வைத்து ஆள் எடுத்தால் எந்த அலுவலகத்திலும் நாற்காலி காலியாகத்தான் இருக்கும்.

பணம் எங்கே என்பது அடுத்த கேள்வி. ஆயிரம் பிரதி அச்சடிக்கும் பதிப்பகம் தனியாள் வைக்க முடியாது, உண்மை. ஒலிப்புத்தகம், படங்களுக்குத் தமிழ் வசனம், செயலிகளின் தமிழாக்கம் இவற்றில்தான் இப்போது பணம் புரள்கிறது. இந்தத் தொழிலுக்கு அங்கேதான் வேலை தேட வேண்டும்.

அதையெல்லாம் கம்ப்யூட்டரே செய்துவிடுமே என்பவர்களுக்கு ஒரு சின்ன சோதனை. காஞ்சிபுரம் பட்டுச் சேலையை விற்பதற்காகத் தமிழில் எழுதிய குறிப்பை ஆங்கிலத்தில் தரச் சொல்லுங்கள். ‘நாடா’ என்ற இடத்தில் தறியில் ஓடும் நாடா வருகிறதா, பாவாடை நாடா வருகிறதா என்று பாருங்கள். தப்பாக வந்திருந்தால், ஆங்கிலம் மட்டும் தெரிந்த மேலாளர் கண்ணில் அது படாது. வாக்கியம் வழுவழுப்பாகவே இருக்கும். பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தில் வளர்ந்து, தமிழ் இலக்கியம் படித்துவிட்டு, வேலை இல்லை என்று ஒரகடம் கம்பெனி பஸ்ஸுக்குக் காலையில் நிற்கிற பிள்ளையின் கண்ணில் அது முதல் வரியிலேயே படும்.