அலாய் வீல் அப்புறம் பார்க்கலாம்... முதல்ல டயரைப் பாருங்க! அடிவாரம் தாண்டும் முன் ஒரு கணக்கு

சேலத்தில் இருந்து ஏற்காடு போகிறவர்களுக்கு அடிவாரம் நல்லாவே தெரியும். டீக்கடைகள், சோதனைச் சாவடி, அதைத் தாண்டினால் மலைதான். சேலம் நகரம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். நடுவில் இருக்கும் 1,200 மீட்டர் உயரத்தை 20 கொண்டை ஊசி வளைவுகளில் உங்கள் கார் ஏறியாக வேண்டும். அதைவிட முக்கியம், அதே வளைவுகளில் பத்திரமா இறங்கவும் வேண்டும்.

விடுமுறை நாள் காலையில் இந்தச் சாலையில் போகும் கார்களைக் கொஞ்சம் கவனிங்க. பளபளக்கும் அலாய் வீல், புதுசா தைத்த சீட் கவர், பெரிய டச் ஸ்கிரீன் எல்லாம் இருக்கும். ஆனால் அந்த அலாய் வீலைச் சுற்றி இருக்கும் ரப்பர் எந்த வருஷம் தயாரானது என்று கேட்டால், பதில் தெரிந்த ஓனர்கள் ரொம்பக் குறைவு.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். தினசரி ஓட்டும் காருக்கு ஒரு தொகை ஒதுக்கினால், அதில் முதல் உரிமை டயருக்கு. அடுத்தது நீங்கள் உட்காரும் சீட்டுக்கு. அலாய் வீல் மிச்சம் இருந்தால் மட்டும். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். சமவெளியில் இது பெரிதாகத் தெரியாது. மலையில் தெரிந்துவிடும்.

உள்ளங்கை அளவு ரப்பர்

ஒரு டன் எடையுள்ள கார் சாலையைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஓர் உள்ளங்கை அளவு. பிரேக் எவ்வளவு நல்ல பிரேக்காக இருந்தாலும், ஏ.பி.எஸ் இருந்தாலும், கடைசியில் காரை நிறுத்துவது அந்த நான்கு உள்ளங்கைதான். ஏ.பி.எஸ்ஸால் இருக்கும் பிடிப்பைச் சரியாகப் பயன்படுத்த முடியும். இல்லாத பிடிப்பை உருவாக்க முடியாது.

2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டில் இருந்து சேலம் இறங்கிய தனியார் பேருந்து ஒன்று மலைப்பாதையில் கவிழ்ந்து பயணிகள் உயிரிழந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். அதற்கு டயர்தான் காரணம் என்று சொல்லவில்லை. இந்தச் சாலையில் தப்புக்கு இடம் எவ்வளவு குறைவு என்பதை அந்த விபத்து காட்டியது. சமவெளியில் கார் ஐந்தடி தள்ளி நின்றால் ஒரு 'சாரி'யோடு போய்விடும். வளைவின் விளிம்பில் அந்த ஐந்தடி கிடைக்காது.

டயரை எப்போ மாத்தணும்?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் விதி 94 இதைச் சொல்கிறது. கார் டயரின் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். இதை அளக்கக் கருவி வேண்டாம். டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால், அதன் காலம் முடிந்தது. பள்ளம் எதற்கு? மழைத் தண்ணீரை ஒதுக்கித் தள்ளத்தான். பள்ளம் இல்லாத டயர் தண்ணீர் மேல் மிதக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது. 1.6 என்பது சட்டம் பொறுத்துக்கொள்ளும் கடைசிக் கோடு. மழைக்காலத்தில் மலை ஏறுபவர் அந்தக் கோடு வரை காத்திருக்கக் கூடாது.

ஆனால் நம் தலைமுறைக்கு வேறொரு பிரச்சினை இருக்கு. வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருந்தே வேலை. கார் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தூங்குகிறது. ஆறு வருஷத்தில் ஓடியது 25,000 கிலோமீட்டர். பள்ளம் பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும். ஆனால் வெயிலிலும் காற்றிலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும். பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் தெரியும். தேயாத டயரும் கிழடாகும்.

வயதைக் கண்டுபிடிப்பது ரொம்ப சுலபம். டயரின் பக்கவாட்டில் 'டி.ஓ.டி' என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்க. 3519 என்றால் 2019-ன் 35-வது வாரத்தில் தயாரானது. ஒரு பக்கம் அந்த இலக்கங்கள் இல்லாவிட்டால் உள்பக்கம் இருக்கும். ஐந்து ஆண்டு ஓடிய பிறகு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்கணும், பள்ளம் எப்படி இருந்தாலும் பத்து ஆண்டைத் தாண்டக் கூடாது என்று மிஷலின் போன்ற டயர் நிறுவனங்களே சொல்கின்றன. இந்தக் கணக்கு ஸ்டெப்னிக்கும் சேர்த்துத்தான். வேல்ஸ் நாட்டின் லானெல்லி ஊரில் உள்ள ஸ்டெப்னி தெருவின் பெயரில் இருந்து வந்த இந்தச் சொல் நம் ஊர் மெக்கானிக் வாய் வரை வந்துவிட்டது. டிக்கியில் கிடக்கும் அந்த டயரைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

அந்த எண்கள் என்ன சொல்லுது?

185/65 ஆர்15 88எச் என்று ஒரு டயரில் இருந்தால், 185 என்பது அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் 65 சதவீதம் பக்கவாட்டு உயரம் என்று பொருள். 'ஆர்' ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 88 என்பது எடைக் குறியீடு. ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 'எச்' வேகக் குறியீடு. மணிக்கு 210 கிலோமீட்டர் வரை.

மாற்று டயர் வாங்கும்போது எடைக் குறியீடும் வேகக் குறியீடும் பழையதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கணும், குறையக் கூடாது. ஐ.எஸ்.ஐ முத்திரை கட்டாயம். விலை குறைவு என்று யாராவது பள்ளம் மறுபடி வெட்டிய பழைய டயரைக் காட்டினால், நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்க. நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரிகளுக்கு டயர் ரீட்ரேடிங் செய்வது பழக்கமான தொழில். லாரி டயர் அதற்காகவே கட்டப்பட்டது. கார் டயரின் கதை வேறு.

நல்ல டயருக்கு நாம் எங்கேயும் தேடிப் போக வேண்டியதில்லை. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் தயாரிக்கத் தொடங்கிய எம்.ஆர்.எஃப் முதல், ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே., தேர்வாய் கண்டிகையில் மிஷலின் வரை தமிழ்நாட்டில் டயர் ஆலைகள் நிறைய. எந்த பிராண்டு என்பதைவிட, எப்போது தயாரானது, உங்கள் காருக்கான அளவுதானா என்ற இரண்டு கேள்விகள் முக்கியம்.

பெரிய வீல் போட்டா என்ன?

மாருதி ஸ்விஃப்டை எடுத்துக்கொள்வோம். கீழ் வேரியன்ட்டுகளில் 165/80 ஆர்14 டயர். மேல் வேரியன்ட்டில் 185/65 ஆர்15. கணக்குப் போட்டால் முதலாவதன் முழு விட்டம் சுமார் 620 மில்லிமீட்டர், இரண்டாவது சுமார் 622. ரிம் ஓர் அங்குலம் பெரிதானாலும் மொத்த விட்டம் மாறவில்லை, ஏன்னா பக்கவாட்டு உயரம் குறைந்திருக்கு. ஆகவே, கீழ் வேரியன்ட் வைத்திருப்பவர் 15 அங்குலத்துக்குப் போக ஆசைப்பட்டால், கம்பெனியே மேல் வேரியன்ட்டுக்குக் கொடுக்கும் அளவுக்குப் போகலாம்.

அதே காரில் 'கெத்தா இருக்கும்' என்று 205/65 ஆர்15 போட்டால்? விட்டம் சுமார் 647 ஆகிவிடும், நாலரை சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டர் கணக்கும் அதே அளவு தள்ளிப்போகும். அது காட்டும் எண்ணைவிடக் கார் கூடுதல் வேகத்தில் ஓடும். முழுசா திருப்பும்போது டயர் வீல் ஆர்ச்சில் உரசலாம். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுசா திருப்பாமல் முடியுமா?

சட்டமும் இருக்கு. பதிவுச் சான்றில் உள்ள, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52. கேரளத்தில் இருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து நிற்கும்போது, வீலின் அழகு உங்களுக்காகப் பேசாது.

இன்னொரு விஷயம். பக்கவாட்டு உயரம் குறைந்தால் குழியின் அடி நேரா ரிம்முக்குப் போகும். இரும்பு ரிம் நெளிந்தால் தட்டி நிமிர்த்தலாம். அலாய் விரிசல் விட்டால் மாற்றுவதுதான் வழி. அலாய் வேண்டாம் என்று சொல்லவில்லை. போல்ட் அமைப்பு, ஆஃப்செட், நடுத்துளை எல்லாம் உங்கள் காருக்குப் பொருந்தி, ஐ.எஸ்.ஐ முத்திரையும் இருந்தால் தாராளமா போடுங்க. டயருக்கு ஒதுக்கிய காசில் மட்டும் போடாதீங்க.

ரெண்டு டயர்தான் மாத்த முடியும்னா?

நாலும் ஒன்றாக மாற்றுவதே நல்லது. எல்லா மாசமும் அது நடக்காது. அப்போ புது ஜோடி எங்கே போடுவது? 'முன்னாடிதான் இன்ஜின், முன்னாடியே போடுங்க' என்பதுதான் பல கடைகளில் கிடைக்கும் பதில். டயர் நிறுவனங்களின் பரிந்துரை நேர் எதிர்: புதுசு பின்னால். முன் டயர் வழுக்கினால் கார் நேரா போகப் பார்க்கும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் பிடி திரும்பும். பின் டயர் வழுக்கினால் கார் சுழலும். அதைச் சமாளிக்க நம்மில் யாருக்கும் பயிற்சி இல்லை. மலை இறங்கும்போது எடை முன்பக்கம் சாய்ந்து பின்பக்கம் லேசாகிவிடும். அதனால் ஏற்காடு மாதிரி சாலையில் இந்தப் பரிந்துரைக்கு இன்னும் வலு கூடுது.

மாற்றிய கையோடு வீல் பேலன்ஸிங், அலைன்மென்ட் இரண்டையும் செய்துவிடுங்க. காற்றழுத்தம் எவ்வளவு என்பது டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். டயர் சூடாகும் முன் பார்க்கணும். நைட்ரஜன் போட்டே ஆகணுமா? சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். எந்தக் காற்று என்பதைவிட எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கிறோம் என்பதே விஷயம். புது டயரோடு முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமா ஓட்டுங்க.

சீட்: சொகுசு மட்டும் இல்ல

சீட் கவர் வாங்கும்போது நாம் பார்ப்பது நிறமும் தையலும். பார்க்க வேண்டியது வேறு. 2024-ல் வந்த புதிய ஸ்விஃப்டில் எல்லா வேரியன்ட்டிலும் 6 ஏர்பேக். பக்கவாட்டு ஏர்பேக் பெரும்பாலான கார்களில் முன்சீட்டின் ஓரத்துக்குள்தான் இருக்கும். அதன் மேல் கெட்டியான கவரை இழுத்துத் தைத்துவிட்டால் விரிய வேண்டிய நேரத்தில் அது திணறலாம். சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் முத்திரை இருக்கா என்று பாருங்க. இருந்தால், அதற்கென்றே ஓரம் திறந்திருக்கும் கவர் மட்டும்.

சேலத்து ஏப்ரல், மே வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ரெக்சின் கவர் முதுகில் ஒட்டும். துணிக் கவர் காற்று விடும். வழுக்கும் கவருக்கும் மணிகள் கோத்த விரிப்புக்கும் இன்னொரு குறை உண்டு. வளைவில் உடம்பு சரியும், சரியாமல் இருக்க நாம் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்குவோம். காரைத் திருப்ப வேண்டிய கை, உடம்பைத் தாங்கும் வேலையைப் பார்க்கும். உயரத்துக்காக அடியில் தடிமனான குஷன் போடுவதும் சிக்கல்தான். சீட் பெல்ட் இடுப்பெலும்பின் மேல் படணும். குஷனால் அது வயிற்றுக்கு ஏறிவிடும்.

காசு செலவில்லாத சரிசெய்தலை முதலில் செய்து பாருங்க. முதுகை ஒட்டி உட்கார்ந்தபடி கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் படணும். கிளட்சை முழுசா மிதித்தாலும் முழங்கால் லேசா மடங்கியிருக்கணும். ஹெட்ரெஸ்ட்டைக் கழற்றி டிக்கியில் போடாதீங்க. பின்னால் இடி வாங்கினால் கழுத்தைக் காப்பது அதுதான். பாதி முதுகுவலி இதிலேயே போய்விடும். போகாத மீதிக்கு நல்ல இடுப்புத் தாங்கி ஒன்று போதும்.

ஒரு கோரிக்கை

கோடை விழா நாட்களில் ஆயிரக்கணக்கான வண்டிகள் அடிவாரச் சோதனைச் சாவடியைக் கடக்கின்றன. டயரின் பள்ளத்தை அளக்கும் கருவி சில நூறு ரூபாய்தான். அங்கே ஒருவர் அதோடு நின்று, தேய்ந்த டயரோடு வருபவரிடம் 'மேலே போகாதீங்க' என்று சொன்னால் என்ன? அபராதம்கூட வேண்டாம். 1.6 மில்லிமீட்டர் விதி புத்தகத்தில் இருந்து சாலைக்கு இறங்கி வர அது ஒரு நல்ல தொடக்கம்.

அதுவரை அந்தச் சோதனையை நாமே செய்துகொள்ளலாம். இன்று பார்க்கிங்கில் இறங்கியதும் போன் டார்ச்சை அடித்து ஐந்து டயரின் நான்கு இலக்கங்களையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்க. இரண்டு நிமிஷ வேலை. அடுத்து காசை எதில் போடணும் என்று அந்த எண்களே சொல்லிவிடும்.