மைக்கை யாரிடம் நீட்டுவது?

1997 அக்டோபர் 16 அன்று எலிசபெத் ராணி சென்னையில் இருந்தார். மறுநாள் என் வரலாற்று வகுப்பில் பிள்ளைகள் கேட்டதெல்லாம் கமல்ஹாசனைப் பற்றித்தான். எம்.ஜி.ஆர். திரைப்பட நகரில் அவரது 'மருதநாயகம்' படத் தொடக்க விழாவுக்கு ராணி வந்துபோயிருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் தளபதியாக உயர்ந்து, பிறகு கம்பெனியையே எதிர்த்து, 1764இல் மதுரையில் தூக்கில் தொங்கிய யூசுப் கானின் கதை. அதற்கு இங்கிலாந்து மகாராணி விருந்தாளி! படம்தான் இன்றுவரை வரவில்லை.

சென்னைக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்பு ராணி, பிரிட்டிஷ் படை மக்களைச் சுட்டுக் கொன்ற அமிர்தசரஸ் ஜாலியன்வாலாபாகில் செருப்பைக் கழற்றிவிட்டு, மலர்வளையம் வைத்துத் தலை குனிந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. முந்தின இரவு டெல்லி விருந்தில், அது வேதனையான சம்பவம் என்பதோடு முடித்துக்கொண்டார். பலரும் அவரைத்தான் திட்டினார்கள். எனக்கு அந்தக் கோபம் விலாசம் மாறிப் போன கடிதமாகவே படுகிறது.

அரசுமுறைப் பயணத்தில் எந்த நாட்டுக்குப் போவது என்பதை பிரிட்டிஷ் மன்னர் முடிவு செய்வதில்லை. அரசாங்கம் சொல்கிறது, அவர் விமானம் ஏறுகிறார். மேடையில் பேசுவதும் அமைச்சர்களின் ஒப்புதலோடுதான். அந்தப் பயணத்தில் வெளியுறவு அமைச்சர் ராபின் குக் கூடவே வந்திருந்தார். அவரை யார் கேட்டார்கள்?

நெதர்லாந்து மன்னர் வில்லெம் அலெக்சாந்தர் 2020 மார்ச்சில் இந்தோனேசியாவின் போகோர் அரண்மனையில் நின்று, விடுதலைப் போர்க் காலத்தில் டச்சுக்காரர்கள் நடத்திய அத்துமீறிய வன்முறைக்காக மன்னிப்புக் கேட்டார். அங்கும் மன்னரின் பேச்சுக்கு அமைச்சர்களே பொறுப்பு. 2022இல் பிரதமர் ருட்டே தன் வாயாலேயே கேட்டார். அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கென்யாவையும் பாருங்கள். 2023இல் நைரோபி விருந்தில் மன்னர் சார்லஸ், பிரிட்டிஷ் ஆட்சி அங்கே செய்த கொடுமைகளுக்குச் சாக்கே கிடையாது என்றார். மன்னிப்பு மட்டும் வரவில்லை. ஆனால் பத்தாண்டுக்கு முன்பே, மாவ் மாவ் போராட்டக் காலத்தில் வதைபட்ட முதியவர்கள் லண்டன் நீதிமன்றத்தில் வழக்காடி அரசை வழிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். 2013இல் நாடாளுமன்றத்தில் எழுந்து வருத்தம் தெரிவித்தவர் வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஹேக். 5,228 பேருக்கு, வழக்குச் செலவு உட்பட, ஏறத்தாழ 2 கோடி பவுண்டு. குதிரை வண்டியும் பீரங்கி முழக்கமும் இல்லாமல் நடந்த காரியம் அது.

ஜாலியன்வாலாபாகுக்கோ, நூற்றாண்டு நிறைவையொட்டி 2019இல் பிரதமர் தெரசா மே நாடாளுமன்றத்தில் வருத்தம் தெரிவித்ததோடு சரி. சார்லஸ் டெல்லியில் வந்து இறங்கினால் நம் நிருபர்கள் மைக்கை அவரிடம் நீட்ட வேண்டாம். இரண்டடி தள்ளி நிற்கும் அமைச்சரிடம் நீட்டட்டும்.