பிள்ளைகளை ஊரிலேயே வைத்து வளர்க்கும் நாடகம்



மகரம் பிறந்துவிட்டால் நம் ஊர்களில் மைக்செட் சத்தம் ஓயாது. பாறசாலை, உச்சக்கடை, காரக்கோணம், வெள்ளறடை என்று எந்தப் பக்கம் போனாலும் கோயில் உற்சவம், இல்லாவிட்டால் சர்ச் திருநாள். மீனம் முடிகிறவரை நாடகக் குழுக்களுக்கு ராத்தூக்கம் கிடையாது. கமிட்டி கொடுக்கும் தொகையில் வண்டி வாடகை, லைட், சவுண்டு, நடிகர்களின் சம்பளம் எல்லாம் போனால் கையில் நிற்பது கொஞ்சம்தான். ஆனாலும் அது ஊர்ப்பணம். வீடு வீடாக ரசீது எழுதிப் பிரித்த பணம். அதை வாங்கி வாழ்கிற ஒரு சிறு குழு ஊருக்கு என்ன திருப்பிச் செய்ய முடியும்?

நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுக்கிறார்கள். சிகிச்சைக்குப் பணம் சேர்க்க இலவசமாக ஒரு ராத்திரி ஆடிக் கொடுக்கிறார்கள். கைகூப்ப வேண்டிய காரியங்கள்தாம். ஆனால் நாடகக்காரர்களால் மட்டுமே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. அதற்கு வெளியே எங்கும் போய் உதாரணம் தேட வேண்டாம். நம் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே, வெஞ்ஞாறமூட்டுக்குப் பக்கத்தில் ஆலந்தறையில் இருக்கிறது. பெயர் ரங்கப்பிரபாத். 1970இல் கொச்சுநாராயண பிள்ளை என்ற ஆசிரியர் சிறுவர்களுக்காகத் தொடங்கிய நாடக அரங்கு அது. அவருக்கு வழிகாட்டியவர் ஜி. சங்கரப் பிள்ளை. 1967இல் சாஸ்தாங்கோட்டையில் நாடகக் களரி என்ற பயிற்சி முகாமை நடத்திக் காட்டியவர், பிறகு திருச்சூர் நாடகப் பள்ளியின் முதல் இயக்குநரானவர். இவ்வளவு பெரிய மனிதர் ஒரு கிராமத்துப் பிள்ளைகளுக்காக உட்கார்ந்து நாடகம் எழுதினார் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

அங்கே நடக்கும் முறை எளிமையானது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டபின் வருகிறார்கள். பாடுகிறார்கள், ஆடுகிறார்கள், நடிக்கப் பழகுகிறார்கள், வீட்டுக்குத் திரும்பிப் போகிறார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. எத்தனை பேர் நடிகர்களானார்கள் என்று கேட்பது சரியான கேள்வி அல்ல. நடிகராகாதவர்கள்தாம் அந்த ஊரில் அதிகம் இருப்பார்கள். நாடகம் பார்க்கத் தெரிந்த, நாலுபேர் முன்னால் எழுந்து பேசத் தெரிந்த அப்பா அம்மாக்களாக இருப்பார்கள்.

"வீட்டுக்குத் திரும்பிப் போகிறார்கள்" என்று சொன்னேன் அல்லவா? நூறு ஆண்டுகளுக்கு முன் நாடகத்துக்குப் போன பிள்ளைகள் அப்படித் திரும்பியதில்லை. நம் மண்ணிலிருந்தே சாட்சி உண்டு. அவ்வை தி.க. சண்முகம் 1912இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். 1918இல், ஆறு வயதில், அண்ணன்மாரோடு சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் சேர்ந்தார். செங்கோட்டையில் பிறந்த கிட்டப்பாவும் பால்மணம் மாறாத வயதில் மேடை ஏறியவர்தான். ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் நாடகக் கொட்டகையில் சோடா விற்ற சிறுவன், டி.கே.எஸ். சகோதரர்கள் என்று அறியப்பட்ட சண்முகம் சகோதரர்களின் சபாவில் நடிகரானார். இப்படிச் சிறுவர்களை வைத்தே நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனிகள் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டன, பாட்டு சொல்லிக் கொடுத்தன, தமிழை நாக்கில் ஏற்றின. அந்தக் கடனைத் தமிழ் நாடகமும் சினிமாவும் மறக்கக் கூடாது. ஆனால் பிள்ளை ஊரை விட்டுப் போனான். கம்பெனி வீட்டில் படுத்தான், கம்பெனி போன ஊருக்கெல்லாம் போனான், பள்ளிக்கூடப் படிப்பு பாதியில் நின்றது. சண்முகம் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை'யை வாசிக்கும்போது, அந்தச் சின்னப் பிள்ளைகளின் வீட்டு நினைப்பை எண்ணி எனக்கு மனசு கனக்கும்.

படிப்பு பாதியில் நின்ற இதே வலியை அனுபவித்த ஒருவர் பிறகு அதை மாற்றிக் காட்டினார். காஞ்சிபுரம் பக்கத்துக் கட்டைக்கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபால், ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுப் பத்து வயதில் கூத்துக்கு வந்தவர். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை ஆடுகிற கலை அது. மரக்கட்டையில் செய்து, கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடமும் புஜகீர்த்தியும் மார்புப் பதக்கமும் கட்டிக்கொண்டு ஒரு சிறுவன் விடியவிடிய ஆடினால், காலையில் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவான்? 1990இல் பதினேழு கலைஞர்கள் கூடிக் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 2002இல் புஞ்சரசந்தாங்கலில் ராஜகோபாலும் அவர் மனைவி ஹன்னே டி புரூய்னும் குருகுலம் திறந்தார்கள். அங்கே பிள்ளைகள் பாடமும் படித்தார்கள், கூத்தும் படித்தார்கள். ஆண்களே ஆடிவந்த மேடையில் பெண்பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். 2020இல் குருகுலம் மூடப்பட்டது எனக்கு வருத்தம்தான். ஆனால் கூத்துக்காரன் பிள்ளை படிப்பா கூத்தா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை என்பதை அந்தப் பதினெட்டு ஆண்டுகள் காட்டிவிட்டன.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இஞ்சிவிளைப் பக்கம் ஒரு வாசகசாலையில் சின்னப் பிள்ளைகளின் ஒத்திகையைப் பார்த்தேன். சொல்லிக் கொடுப்பவர் பகலில் கொத்தனார். கேரம் போர்டைச் சுவரோரம் சாய்த்துவிட்டு இடம் பண்ணியிருந்தார். காக்காவாக நடிக்கும் ஒரு பெண்குழந்தைக்குக் குரல் எழும்பவில்லை. அவர் திட்டவில்லை. கடைசிச் சுவரில் போய் முதுகைச் சாய்த்து நின்று, "மக்ளே, எனக்குக் கேட்டா கையைத் தூக்குவேன், அது வரைக்கும் நீ சொல்லிட்டே இரி" என்றார். குழந்தை சொன்னாள். கை எழவில்லை. மறுபடி சொன்னாள். இன்னொரு தடவை சொன்னபோது கை மேலே போயிற்று; பிள்ளைகள் எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு வசனத்துக்கு இவ்வளவு பொறுமையோடு காத்திருக்கிற பெரியவர் அந்தக் குழந்தைக்கு வேறு எங்கே கிடைப்பார்?

நம் பிள்ளைகளுக்கு இந்த நாடகப் பழக்கம் இரண்டு மடங்கு தேவை. தமிழர்கள் நிறைந்த தாலுகா என்று சொல்லி, தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பகுதிகளில் நம் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் அந்தப் பக்கம் போயின; நாம் இங்கே கேரளத்தில் இருந்தோம். அதில் எனக்குக் குறை இல்லை. மலையாளம் நமக்குச் சோறு போடுகிற மொழி, பக்கத்து வீட்டு மொழி. ஆனால் நம் வீட்டுத் தமிழ் அடுக்களையோடு நின்றுவிடுகிறது. பிள்ளை அம்மையிடம் பேசும் தமிழை மேடையில், விளக்கு வெளிச்சத்தில், ஊர் கேட்கும்படி பேசினால் அந்தப் பேச்சின்மேல் அவனுக்கே ஒரு மதிப்பு வரும். பாடப்புத்தகம் தர முடியாத மதிப்பு அது. மலையாளமும் தமிழும் கலந்து ஒரே நாடகத்தில் வரட்டும். களியக்காவிளைச் சந்தையில் அப்படித்தானே பேசிக்கொள்கிறோம்?

குழுக்காரர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். இடவப்பாதி மழை தொடங்கியதும் உங்களுக்கு மேடை இல்லை. புது நாடகம் ஓணத்துக்குள் தயாராக வேண்டும் என்று ஒத்திகை மட்டும்தான். அந்த மாதங்களில் வாரத்துக்கு ஒரு சாயங்காலம் உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். பெரிய செட் வேண்டாம், உடுப்பு வேண்டாம். உங்கள் ஒத்திகையை ஓரமாக உட்கார்ந்து பார்க்க விட்டாலே பாதி பாடம் ஆயிற்று. வாசகசாலைக் கமிட்டிக்காரர்களே, சாவியைக் கொடுங்கள். கரண்டு பில்லைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். பெண்பிள்ளைகளை இருட்டுகிறதற்குள் வீட்டில் கொண்டுவிட ஆள் ஏற்பாடு செய்யுங்கள். இதைச் செய்யாததால்தான் பல ஊர்களில் பெண்பிள்ளைகள் வருவது நின்றுபோகிறது.

எங்கள் பங்குக்கு, அடுத்த இதழிலிருந்து சிறுவர்கள் நடிக்கத் தோதான சின்ன நாடகம் ஒன்றை மாதந்தோறும் வெளியிடுகிறோம். எட்டுப் பத்துப் பிள்ளைகளுக்காவது வேஷம் இருக்க வேண்டும், இருபது நிமிஷத்துக்குள் முடிய வேண்டும், நம் ஊர்ப் பேச்சில் இருக்க வேண்டும். எழுதி அனுப்புங்கள். நடித்துப் பார்த்து அனுப்பினால் இன்னும் சந்தோஷம். எந்த இடத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள், எந்த வசனம் வாயில் நுழையவில்லை என்பதையும் ஓரத்தில் குறித்து அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்